அதுக்கு முந்தி?

1996 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். பீளமேட்டில் மழை பெய்து ஓய்ந்து, மறுபடி பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மைதானத்தின் வடக்கு கோலுக்கு முன்னால் மூன்று இடங்களில் தண்ணீர் தேங்கியிருந்தது. எங்கள் மில் அணி மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்று முழுசாகப் பத்து நிமிடம் ஆகியும் ஆட்டக்காரர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அவர் போகவிடவில்லை.

"மூணு கோல் இல்லீங்க," என்றார். "ஒரே கோலு. அத மூணு தடவ வாங்கியிருக்கறோம்."

அவர் ஆட்டக்காரர் அல்ல, பயிற்சியாளரும் அல்ல. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் சர்வேயர். வெள்ளகோவில் பக்கத்துக்காரர். மைதானத்தின் தெற்குச் சுவரை ஒட்டிய வீட்டில் தனியாகக் குடியிருந்தார். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும், தார் ரோட்டில் டயர் தடத்தைக் குறிப்பதற்கு. வலது கால் கொஞ்சம் இழுக்கும். பந்தை உதைக்கவே வராது. அதனால் பந்து எங்கிருந்து எங்கே போனது என்று காட்ட வேண்டுமானால், அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்து காட்டுவார், கைக்குழந்தையைத் தூங்கவைக்க நடப்பவரைப் போல.

நான் அந்த மில்லில் கணக்குப் பிரிவில் இருந்தேன். கால்பந்து அணிக்குச் செயலாளர். செயலாளர் என்றால் எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும், பந்துக்குக் காற்றடிக்க வேண்டும், தோற்றால் லேபர் ஆபீசரிடம் போய் நிற்க வேண்டும். மழை வருமா, பந்து சாக்கடையில் விழுமா, ரெஃப்ரி நேரத்துக்கு வருவாரா என்று கவலைப்படுவதும் என் வேலைதான். அதற்குத் தனியாக யாரும் சம்பளம் கொடுக்கவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. அவரும் தன் அறிக்கைகளில் 'வண்டி ஓட்டியவர்', 'சாலையைக் கடந்தவர்' என்றுதான் எழுதுவார். "பேரப் படிச்ச ஒடனே மனசு ஒரு முடிவு பண்ணிப்போடுதுங்க. அப்பறம் மிச்சத்தப் படிக்கறதே இல்ல" என்பார். அவரைப் பற்றி எழுதும்போது அவருடைய விதியையே வைத்துக்கொள்கிறேன்.

அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. 'அதுக்கு முந்தி?'

காங்கேயம் போகிற ரோட்டில் ஒரு முறை பஞ்சு மூட்டை ஏற்றிய லாரி கவிழ்ந்தது. டிரைவர் தூங்கிவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள், டிரைவரே ஒத்துக்கொண்டார். இவர் அவர் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, "தூங்கிப்போட்டீங்க, செரி. அதுக்கு முந்தி?" என்று கேட்டிருக்கிறார். முந்தின ராத்திரி முழுக்க லோடுக்காகக் காத்திருந்ததாக டிரைவர் சொன்னார். அதற்கு முந்தி? எடைமேடையில் கரண்ட் இல்லை. கம்பெனியில் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, கரண்ட் போனதற்கு நாங்கள் யார் மேல் கேஸ் போடுவது என்று கேட்டார்களாம். "எனக்கென்னங்க தெரியும்? கடைசியாத் தொட்டவன் மேல பழியப் போடறது சோம்பேறித்தனம். அதுக்குச் சம்பளம் வாங்கக் கூடாது" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

சில பேருக்கு அவரைக் கண்டாலே பயம். கல்யாண வீட்டில் பந்தியில் ரசம் தீர்ந்துவிட்டது என்றால் மற்றவர்கள் மோர் ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். இவர் சமையல்கட்டுக்கே போய், ரசம் எப்போது தீர்ந்தது, அதற்கு முந்தி என்ன என்று ஆரம்பித்துவிடுவார். என் மனைவி அவர் வருகிறார் என்றால் வாசல் கதவைச் சாத்தச் சொல்வாள். "காப்பி ஏன் ஆறிப்போச்சுன்னு கேட்டா, அந்த மனுசன் என்ற மாமியார் வரைக்கும் போயிருவாருங்க" என்பாள்.

மைதானத்தில் அந்தக் கேள்வி பிறந்த கதை வேறு. அந்த வருட ஆரம்பத்தில் எங்கள் ரைட் பேக்குக்கும் ரைட் ஹாஃபுக்கும் நடுவில் ஒரு பந்து சும்மா உருண்டு வந்தது. இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். எதிரணிக்காரன் நடந்து வந்து எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டான். நாங்கள் இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தோம். சுவருக்கு அந்தப்பக்கம் லுங்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த இவர் உள்ளே வந்து, "ஏனுங்க தம்பி, அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு?" என்றார்.

ரைட் பேக் தலையைச் சொறிந்தான். "அதுக்கு முந்தி ஒண்ணும் நடக்கலீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"அதுக்கு முந்தி... போன மாசம் என்ற தங்கச்சியக் கட்டிக் குடுத்தனுங்க. இவருக்குத்தான்." பக்கத்தில் நின்ற ரைட் ஹாஃபைக் காட்டினான். "மாப்பளையத் தள்ளிப்போட்டு நான் எப்புடீங்க பந்த எடுக்கறது? ஊட்ல என்ன சொல்லுவாங்க?"

மாப்பிள்ளையும் கூச்சத்தோடு, "மச்சான் எடுக்கட்டும்னு நான் உட்டனுங்க" என்றான்.

நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சம்பந்தம் செய்துகொண்ட இரண்டு பேர் ஒரே ஓரத்தில் ஆடக்கூடாது என்று அன்றே முடிவு செய்து, மாப்பிள்ளையை இடது பக்கம் மாற்றச் சொன்னார். மாற்றினோம். அந்த ஓரத்தில் அப்புறம் கோல் விழவில்லை. அன்றிலிருந்து சுவரைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்.

ஒரு தடவை கல்யாண வீடியோக்காரரைக் கூட்டிவந்து ஆட்டத்தைப் படம் பிடித்தோம். என் வீட்டு டி.வி.யில் போட்டு நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். அரைமணி நேரத்தில் எழுந்துவிட்டார். "பொண்ணு மொகத்தையே புடிக்கற மாதிரி பந்தையே புடிச்சிருக்கறாருங்க. நமக்குப் பந்து இல்லாத எடந்தானுங்க வேணும்" என்றார். பிறகு ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களையே அவரவர் இடத்தில் நிறுத்தி, கோலிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு அடியாக நகர்த்துவது வழக்கமானது. எதிரணி ஆட்களுக்குப் பதிலாக எங்கள் ஆட்டக்காரர்களின் செருப்புகளை வைத்தார். ஒரு ஜோடி செருப்பு, ஒரு ஆள்.

அவருடைய கால் எப்படி ஆயிற்று என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "ஸ்கூட்டர்ல போனேன். பிரேக்க லேட்டாப் புடிச்சேன்" என்றார். அவர் வாய்ப்பழக்கம் எனக்கும் தொற்றியிருந்ததால், "அதுக்கு முந்தி?" என்றேன். "அதுக்கு முந்தி ஒண்ணுமில்லீங்க" என்று எழுந்து போய்விட்டார். ஊரில் யாரையும் கடைசி ஆளாக நிற்கவிடாத மனிதர், தன்னை மட்டும் அங்கேயே நிறுத்திக்கொண்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

நவம்பர் 17க்கு வருகிறேன். அன்று ஆட்டம் பார்க்க லேபர் ஆபீசர் வந்திருந்தார். மூன்றாவது கோல் விழுந்ததும் எழுந்து, "கோலிய மாத்துங்க. நாளைக்குப் பத்து மணிக்கு எழுதிக் குடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கோல் காக்கும் எங்கள் கோலிக்கு இருபத்திரண்டு வயது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆட்டத்துக்காகத்தான் அவனை மில்லில் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். அணியிலிருந்து எடுத்தால் வேலையும் போகும். வேலை நிரந்தரமானால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பீளமேட்டுக்கே குடிவரலாம் என்று வாடகைக்கு ஒரு அறைகூடப் பார்த்து வைத்திருந்தான். ஆபீசர் சொன்னது அவன் காதிலும் விழுந்திருந்தது. கோல் கம்பத்தில் சாய்ந்து, கையிலிருந்த சேற்றை உரித்துக்கொண்டிருந்தான்.

"மொதக் கோலுக்கு நில்லுங்க" என்றார் அவர்.

எல்லாரும் நின்றார்கள். செருப்புகள் வைக்கப்பட்டன. அவர் பந்தை அணைத்துக்கொண்டு வலது ஓரத்திலிருந்து நடந்து வந்தார். பந்து உயரமாக வந்து, கோலுக்கு முன்னால் நடுவில் காக்கும் எங்கள் ஸ்டாப்பர் பேக்குக்கும் கோலிக்கும் நடுவில் இறங்கியிருக்கிறது. இரண்டு பேரும் தொடவில்லை.

"கோலி வெளிய வந்திருக்கோணும்" என்றான் லெஃப்ட் ஹாஃப்.

"செரி, வரல. அதுக்கு முந்தி?"

ஸ்டாப்பர் சொன்னான்: "நான் திரும்பிப் பாத்தனுங்க, வாரானா இல்லையான்னு." அவன் நல்ல உயரம், நல்ல ஆட்டக்காரன். கருமத்தம்பட்டிப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். மில்லில் சூப்பர்வைசர்.

"திரும்புங்க. இப்பப் பந்து எங்க?" அவர் நாலு அடி முன்னால் வந்து நின்றார். "நீங்க தலையத் திருப்புன நேரத்துல பந்து இத்தனை தூரம் வந்துபோச்சு."

இரண்டாவது கோலில் எதிரணி ஆள் ஸ்டாப்பரின் இடது தோளுக்குப் பின்னால் பதுங்கி வந்திருக்கிறான். ஸ்டாப்பரின் கண் பந்தின்மேல் இருந்தது. அவன் வந்ததே இவனுக்குத் தெரியாது. மூன்றாவதில், பின்னால் ஒருவன் நிற்பது தெரியாமல் ஸ்டாப்பரே பந்தை மெதுவாகக் கோலிக்குத் தள்ள, குறுக்கே வந்தவன் எடுத்துவிட்டான்.

அவர் மூன்றுக்கும் ஒரே இடத்தில் சாக்பீஸால் குறி போடப் பார்த்தார். ஈர மண்ணில் எழுதவில்லை. சாக்பீஸைப் பையில் போட்டுவிட்டுக் கோலியின் இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தார்.

"இங்கிருந்து எல்லாந் தெரியுதுங்க" என்றார். பிறகு கோலியிடம் திரும்பினார். "பந்து எறங்குனதையும் ஆளு பதுங்கி வந்ததையும் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தனுங்க."

"மூணு தடவையும்?"

"மூணு தடவையும் பாத்தனுங்க."

"பாத்துப்போட்டு ஏன் கத்தல?"

யாரோ ஒருவன், "வாயில கொழுக்கட்டையாடா வெச்சிருந்தே?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அதுக்கு முந்தி?" என்றார் அவர்.

எனக்கு எங்கேயோ இடித்தது. "போதுங்க சார், இருட்டுது, மழையும் வருது" என்றேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

கோலி ஸ்டாப்பரின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எங்கய்யன் அவிங்க தோட்டத்துலதானுங்க இருந்தாரு. நானும் பத்து வயசு வரைக்கும் அங்க மாடு மேச்சனுங்க. தோட்டத்துக்காரரப் பண்ணாடின்னும் இவிங்களச் சின்னப் பண்ணாடின்னும்தான் கூப்புடோணும். இவிங்களப் பாத்து, போ, வா, உடுன்னு நான் எப்புடீங்க கத்தறது?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஸ்டாப்பரின் முகம் சிவந்தது.

"நான் ஒரு நாளாச்சும் உன்னய அப்புடி நெனச்சிருக்கறனா?"

"இல்லீங்க."

"ஒண்ணா உக்காந்து திங்கறோம். ஒரே பஸ்ல வாரோம். பின்ன என்ன?"

"நீங்க நெனக்கலீங்க. என்ற வாயி நெனக்குதுங்க" என்றான் கோலி.

தூறல் போட ஆரம்பித்தது. ஒருவரும் நகரவில்லை. இனி இந்த இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடமாட்டார்கள், நாளைக்கு ஆபீசரிடம் ஒன்றுக்கு இரண்டு பெயராகக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குக் கவலையாக இருந்தது. அவர் உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் பந்தை அணைத்துக்கொண்டு நின்று, ஸ்டாப்பரிடம், "முதுகுல கண்ணு இல்லீங்களே தம்பி. உங்களுக்கு வேண்டிய கண்ணு அவருகிட்ட இருக்குது. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஸ்டாப்பர் நெடுநேரம் தரையைப் பார்த்தான்.

"பேரு சொல்ல வேண்டாம். முறையும் வேண்டாம்" என்றான் கடைசியில். "ஸ்டாப்பருக்கு நாலாம் நம்பருதானுங்களே? நாலுன்னு கூப்புடு. நாலு, உடு. நாலு, பின்னால ஆளு. உள்ள வந்துட்டா நான் நாலுதான்."

"நம்ம பனியன்ல நம்பரே இல்லியே" என்றேன் நான்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், செயலாளர் எதற்கு இருக்கிறார் என்பதுதான்.

அங்கேயே ஒத்திகை பார்த்தார்கள். முதல் தடவை கோலி, "நாலுங்க... கொஞ்சம் உட்டுருங்க" என்று முடிப்பதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. ஸ்டாப்பரே சிரித்துவிட்டான். ஐந்தாவது தடவை குரல் கொஞ்சம் வந்தது. இருட்டிவிட்டதால் நிறுத்தினோம்.

திங்கட்கிழமை லேபர் ஆபீசரிடம் அடுத்த ஞாயிறு வரை தவணை கேட்டேன். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்றார்.

அந்த ஞாயிறு, பனியனில் நம்பரோடு இறங்கினோம். ஆனால் நான் கணக்கில் எடுக்காத ஒன்று நடந்தது. பீளமேட்டில் காலையில் ஒரு முகூர்த்தத்துக்கு வந்திருந்த ஸ்டாப்பரின் அப்பா, மகன் ஆடுவதைப் பார்க்கலாம் என்று மைதானத்துக்கு வந்துவிட்டார். பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு. எனக்கும் சர்வேயருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கோலி அவரைப் பார்த்தான். பார்த்ததும் அவன் வாய் கட்டிக்கொண்டது. இருபது நிமிடத்தில் ஸ்டாப்பர் நாலு தடவை திரும்பிப் பார்த்தான். சர்வேயர் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தார்.

பந்து வெளியே போன நேரத்தில் ஸ்டாப்பர் கோலியிடம் ஓடினான். என்ன சொன்னான் என்று பிற்பாடு தெரிந்தது. "எங்கப்பன் மொதத் தடவையா ஆட்டம் பாக்க வந்திருக்கறாரு. அவரு முன்னால என்னயத் தோக்க உட்டுப்போடாதே. கூப்புடு."

முப்பத்தெட்டாவது நிமிடம் ஒரு பந்து உயரமாக, முதல் கோலைப்போலவே இறங்கியது. "நாலு! உடு!" என்று ஒரு குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. ஸ்டாப்பர் திரும்பவில்லை. அப்படியே குனிந்து வழிவிட்டான். கோலி அவன் தலைக்கு மேலே பறந்து பந்தைப் பிடித்தான்.

பெரியவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆருங்க அது, என்ற மகன அதட்டறது?"

சர்வேயர்தான் சொன்னார். "கோலிங்க. நாலாம் நம்பர உடச் சொன்னாருங்க. உங்க மகன் உட்டதாலதான் பந்து நின்னுச்சுங்க."

"அது நம்ம தோட்டத்துல இருந்தவன் பையனில்ல?"

"ஆமாங்க."

இடைவேளையில் கொடுத்த டீயைக்கூடப் பெரியவர் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். எழுந்து போய்விடுவார், வீட்டில் மகனை நிறுத்திவிடுவார் என்று நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணி ஆள் ஒருவன் ஸ்டாப்பரின் இடது தோளுக்குப் பின்னால் பதுங்கி வருவது எங்களுக்கே தெரிந்தது. கோலி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் டீயைக் கீழே கொட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"டேய், பின்னால ஆளு! கூப்புடுறா அவன! கத்து!"

கோலி கத்தினான். ஸ்டாப்பர் காலை நீட்டிப் பந்தை வெளியே தள்ளினான்.

பெரியவர் சொன்ன அந்த 'டேய்' தோட்டத்து டேயா, ஆட்டத்து டேயா என்பது எனக்கு இன்றுவரை தீரவில்லை. ஆனால் விசில் ஊதியதும் அவர் கோல் வரைக்கும் நடந்து போனார். கோலியிடம், "அம்மா நல்லா இருக்குதா?" என்று கேட்டார். "இருக்குதுங்க" என்றான். "இன்னும் கொஞ்சம் சத்தமாக் கத்தோணும். எனக்கே செரியாக் கேக்கல" என்றார்.

ஆட்டம் கோல் இல்லாமல் டிராவில் முடிந்தது. லேபர் ஆபீசர், "நாமளும் ஒண்ணும் அடிக்கலியே" என்று முணுமுணுத்துவிட்டு, கோலி இருக்கட்டும் என்றார். சித்திரை பிறந்ததும் அவன் வேலை நிரந்தரமானது. பார்த்து வைத்திருந்த அறை அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. அதைவிட நல்ல அறை கிடைத்தது.

அன்று சாயங்காலம் ஆராய்வதற்குக் கோல் ஒன்றும் இல்லையே, சர்வேயர் என்ன செய்வார் என்று பார்த்தேன். வழக்கம்போல எல்லாரையும் நிறுத்தினார். பந்தை அணைத்துக்கொண்டார். "முப்பத்தெட்டாவது நிமிசம் ஒரு கோலு உழுகோணும், உழுகல. ஏன்?"

"கோலி புடிச்சானுங்க."

"அதுக்கு முந்தி?"

"ஸ்டாப்பர் உட்டானுங்க."

"அதுக்கு முந்தி?"

"கோலி கூப்புட்டான்."

"அதுக்கு முந்தி?"

இப்படியே ஒரு வாரம் பின்னால் போய், தூறலில் ஸ்டாப்பர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் வந்து நின்றார். அங்கே வந்ததும் பந்தைக் கீழே வைத்துவிட்டார். நல்லது நடந்ததற்குக் காரணம் தேடி அவர் நடந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பனியனுக்கு நம்பர் அடித்த செலவை மில் ஏற்கவில்லை. இத்தனை நாள் நம்பர் இல்லாமல்தானே ஆடினீர்கள் என்று ரசீதைத் திருப்பிவிட்டார்கள். அவினாசி ரோட்டில் பிரிண்டிங் போட்டவன் பனியனுக்கு இவ்வளவு என்று வாங்கவில்லை, இலக்கத்துக்கு ஆறு ரூபாய் என்று வாங்கினான். ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஒன்பது இலக்கம். அன்று கோலே அடிக்காத பத்துக்கும் பதினொன்றுக்கும் ஆளுக்கு இரண்டு. ஆகப் பதிமூன்று. என் கைக்காசு எழுபத்தெட்டு ரூபாய்.